தாம்பாளத்தில் பூமி இல்லை

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
திருவோணம் கழிந்த ஞாயிறு.

அன்பு மகள் ரேஷ்மிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் பிரணவும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கப் பத்மநாபசுவாமி துணை இருக்கட்டும். இங்கே உன் அப்பா சுகம், கடை சுகம், கடையில் அடுக்கியிருக்கிற பயறு மூட்டைகள்கூடச் சுகம். பாக்கி நான் ஒருத்தி, அதைப் பற்றி எழுதத்தான் காகிதம் எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய், காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாதில்லையா, அதனால்தான்.

எனக்குக் கர்ப்பப்பையை எடுக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். நாள் அக்டோபர் முதல் திங்கள். அதற்கு முந்தியே ஒரு நாள் தந்தார்கள், உன் அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டி அன்றைக்கு எனக்குச் சந்திராஷ்டமம், ஆகாது என்று தள்ளிவைத்துவிட்டார். ஆக நிலா என் ராசிக்கு எட்டாம் இடத்திலிருந்து கிளம்பிப் போகும்வரை நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டும், நிலாவுக்கு வேறு வேலை இல்லை பார். போன வாரம் போனில் ஆபரேஷனுக்கு வந்துவிட்டுப் போ மக்களே என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய், டிசம்பரில்தான் பிரணவுக்குக் கோடை விடுமுறை, அப்போது வருகிறேன், அதுவரை அப்பா பார்த்துக்கொள்வார் என்றாய். டிசம்பரில் என்ன கோடை என்று எனக்குக் குழப்பம். உன் அப்பாவிடம் கேட்டால் ஒரு எலுமிச்சம்பழத்தில் ஈர்க்குச்சியைக் குத்திக் கையில் எடுத்துக்கொண்டார். பூமி நேராக நின்று சுற்றுவதில்லையாம், ஒரு பக்கம் சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றி வருகிறதாம், அதனால் ஆறு மாதம் நம் பக்கத்துக்கு வெயில் கூடுதல், ஆறு மாதம் உங்கள் ஆக்லாந்து பக்கத்துக்குக் கூடுதல், நமக்கு மார்கழிக் குளிர் என்றால் உங்களுக்கு உச்சி வெயில் என்று பழத்தைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். நன்றாகப் புரிந்தது. பூமி சாய்ந்திருக்கிறது, ஆகையால் என் மகள் ஆபரேஷனுக்கு வர முடியாது. இதற்கு நான் யாரைக் குறை சொல்ல.

அப்பா பார்த்துக்கொள்வார் என்றாயே, அந்த அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், நீ பார்த்து நாளாகிவிட்டது. ஓண விடுமுறையில் பிள்ளைகளுக்காக நம் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனில் ஒரு வானவியல் கண்காட்சி வைத்தார்கள். செக்ரட்டரி ஹரிகுமார் சும்மா இருக்கிறவரா, கோலப்பண்ணன்தான் சூரியக் குடும்பம் செய்து தரவேண்டும் என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து உன் அப்பாவின் காலடி தரையில் படவில்லை. பகலில் கடை, சாயங்காலம் யூடியூப். சாப்பிட உட்கார்ந்தால் பாடம். வெள்ளி தன்னைத்தானே ஒருதரம் சுற்றி முடிக்கிறதற்குள் சூரியனையே ஒரு சுற்று சுற்றி வந்துவிடுமாம், அதாவது அங்கே ஒரு நாள் என்பது ஒரு வருஷத்தைவிட நீளமாம். இதில் என்ன அதிசயம், நம் அடுக்களையிலும் அப்படித்தானே என்றேன், காதில் விழவில்லை. வியாழன் வயிற்றுக்குள் மற்ற எல்லாக் கோளையும் போட்டு அடைத்தாலும் இடம் மிஞ்சுமாம். செவ்வாய் சிவப்பாக இருப்பது கோபத்தால் இல்லையாம், மண்ணெல்லாம் இரும்புத் துருவாம். மாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாயும் துருப்பிடித்துச் செவ்வாயாகத்தான் கிடக்கிறது, அதை மாற்ற ஆள் கூப்பிடுங்கள் என்று ஓணத்துக்கு முந்தியிருந்தே சொல்கிறேன். காலையில் வெயிலில் நின்று துணி காயப்போட்டால் பின்னாலேயே வந்து, நீ இப்பப் பாக்கிற வெயிலு எட்டு நிமிசத்துக்கு முந்தியே சூரியன்ல இருந்து கெளம்புனதாக்கும் என்கிறார். அது எட்டு நிமிஷத்தில் வந்துவிடுகிறது, நான் நேற்றுக் கேட்ட வலி மாத்திரை இன்னும் வந்து சேரவில்லை.

நீ ஒன்று நினைத்துக்கொள், நம் கடை தானியக் கடை. ஆரியசாலையில் பிறந்து மொத்தக்கடையில் வளர்ந்த மனுஷன் பெயின்டும் பிரஷ்ஷும் வாங்குவாரா. தெர்மோகோல் உருண்டைகளை வாங்கிவந்து ஒவ்வொன்றிலும் பசை தடவி தானியத்தை ஒட்டத் தொடங்கினார். எந்தக் கோளுக்கு எந்தத் தானியம் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, பரிகாரத்துக்கு நவதானியம் கட்டிக் கொடுத்தே கை பழகியவர். சூரியனுக்குக் கோதுமை, சந்திரனுக்கு நெல், செவ்வாய்க்குத் தோல் போகாத துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, வியாழனுக்குக் கொண்டைக்கடலை, வெள்ளிக்கு மொச்சை, சனிக்கு எள். சனிக்கு வளையம் வேண்டும் என்று அடுக்களையில் புளிக்கலயத்துக்கு அடியில் வைத்திருந்த என் வைக்கோல் புரிமணையை உருவிக்கொண்டு போனார், கலயம் அன்றைக்கே சாய்ந்து உடைந்தது, சனி ஒருத்தர் வீட்டுக்குள் வந்தால் வேறென்ன நடக்கும். ராகுவும் கேதுவும் விஞ்ஞானத்தில் கிடையாது, அது வெறும் நிழல் கணக்கு என்று அவருக்குத் தெரியும், படித்தவரில்லையா. அதனால் ராகுவின் உளுந்தை யுரேனஸுக்கும் கேதுவின் கொள்ளை நெப்டியூனுக்கும் கைமாற்றிவிட்டார். முடித்துவிட்டுப் பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் கோயிலில் இருக்கிற மாதிரியே நடுவில் சூரியனை வைத்து, சுற்றிலும் மற்றதை வைத்து எண்ணிப் பார்த்தார். எட்டு. சூரியனைச் சுற்றுகிற கோள்கள் எட்டு என்று யூடியூபும் சொல்கிறது. பாத்தியாட்டி, சாஸ்திரமும் சயின்ஸும் ஒண்ணுதாம் என்று அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே தரவில்லை. நானும் பார்த்தேன், எட்டுதான் இருந்தது, எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை, உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா.

கண்காட்சி அன்றைக்கு அசோசியேஷன் மேசையின் ஒரு கால் ஆடியது. தாம்பாளம் சரிந்துவிடும், நீ ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு நில்லு என்றார் உன் அப்பா. இடுப்பு வலியோடு நான் பிடித்துக்கொண்டு நின்றேன். ராக்கெட் விடுகிற ஊர் இது, வந்தவர்களில் பாதிப்பேர் பென்ஷன் வாங்குகிற விஞ்ஞானிகள். எல்லாரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்கள், கொள்ளாம் கொள்ளாம் என்றார்கள், போட்டோ எடுத்தார்கள். ஹரிகுமார் மைக்கில் இரண்டு தரம் பாராட்டினார். உனக்கும் போட்டோ வந்தது, அப்பா சூப்பர் என்று எழுதி மூன்று இதயம் போட்டிருந்தாய், அதை உன் அப்பா கூட்டத்தில் எல்லாருக்கும் காட்டினார்.

அப்போதுதான் ஆர்ஷா வந்தாள். நம் மாடியில் வாடகைக்கு இருக்கிறவர்களுடைய மகள், அப்பனும் அம்மையும் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள், பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளை நம் வீட்டில்தான். ரெண்டாம் வகுப்பு. தாம்பாளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்பூப்பா, இதில் நம்மள் எவிடெயா, நாம் எங்கே என்று கேட்டாள். உன் அப்பா சிரித்துக்கொண்டே காட்டப் போனார். விரல் கோதுமைக்குப் போனது, நெல்லுக்குப் போனது, பயறுக்குப் போனது, ஒரு சுற்று சுற்றிவிட்டு நடுவானத்தில் நின்றுவிட்டது. பூமி இல்லை. நவக்கிரகத்தில் பூமி ஏது, நாம் நின்று பார்க்கிற இடத்தை யார் கிரகத்தில் சேர்த்தார்கள். பூமி இருக்கவேண்டிய இடத்தில் நிலாவை உட்கார வைத்து எட்டென்று எண்ணியிருக்கிறார் மனுஷன். அத்தனை விஞ்ஞானியும் கொள்ளாம் என்று சொல்லிவிட்டுப் போன பிறகு ஒரு ரெண்டாம் வகுப்புக்காரி கேட்டுவிட்டாள். உன் அப்பா விடுவாரா, நாம நிக்கிற எடம்லா மக்களே அது, அத என்னத்துக்குத் தனியா வைக்கணும் என்று ஒரு போடு போட்டார். அவள் அதற்கும் அசையவில்லை, அப்போ நிலா யாரைச் சுத்தும், பாவம் அது தனியா அல்லே நிக்கிறது என்றாள். ஹரிகுமார் மைக்கை அணைத்துவிட்டுப் பாயசம் ரெடி என்றார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பா சாப்பிடவில்லை. ஒரு பிள்ளை கேட்டதற்குப் போய் இப்படியா என்றேன். அதற்கு அவர், நீலா, பூமிக்கு என்ன தானியம் என்று கேட்டார். கோயில் சாஸ்திரிகளுக்குப் போன் போட்டார், பூமிக்கு அப்படி ஒன்றும் விதிக்கவில்லையே என்று அவரும் கையை விரித்துவிட்டார். எனக்கு எரிச்சல், எல்லாத் தானியமும் விளைகிறது பூமியில்தானே, எல்லாவற்றையும் கலந்து ஒட்டிவிட்டுச் சாப்பிட வாருங்கள் என்று கத்தினேன். ரொம்பப் பெரிய உபதேசம் செய்ததாக நினைக்காதே, குழம்பு ஆறுகிறதே என்று சொன்னது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். சிந்திக் கிடந்த ஒன்பதையும் கூட்டி அள்ளி ஒரு உருண்டையில் ஒட்டி, நெல் நிலாவை அதன் இடத்திலிருந்து எடுத்து இதோடு ஒரு நூலில் கட்டினார். இப்போதும் சுற்றிலும் எட்டுதான். ஆர்ஷா வந்து பார்த்துவிட்டு, இப்போ சரியாயி என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனாள்.

உன் அப்பா கெட்டவர் என்று சொல்ல இதை எழுதவில்லை மக்களே. நல்ல மனுஷன்தான், கெட்டவராக இருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஒரு வழி இருந்திருக்கும். டாக்டரம்மா பைஸ்டாண்டர் யார் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியது அவர்தான். ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொள்கிற ஆளுக்கு அப்படித்தான் இங்கே பெயர். ஆனால் நான் கட்டிலில் கிடந்து தண்ணீர் கேட்டால், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவர் என்னிடம்தான் கேட்பார். இத்தனை வருஷமும் என் மேல் நின்றுகொண்டு மற்றதையெல்லாம் எண்ணிப் பார்த்தே பழகிவிட்டார், அந்த இடத்துக்கே வலிக்கும் என்று அவருக்குத் தெரியாது. அவரை மட்டும் சொல்வானேன். நீ போன் எடுத்தால் அப்பாவுக்குச் சுகர் எப்படி, அப்பாவுக்கு முழங்கால் எப்படி, கடை எப்படி, மாடிக்காரர்கள் எப்படி என்று வரிசையாகக் கேட்பாய். நானும் வரிசையாகப் பதில் சொல்வேன். எல்லாம் சொல்லி முடித்ததும் சரிம்மா வைக்கிறேன் என்பாய். நீயும் ஒன்றையும் விடாமல்தான் எண்ணுகிறாய், பிள்ளை யாருடைய பிள்ளை.

செப்டம்பர் கடைசியிலிருந்து ரெண்டு வாரம் ஸ்கூல் லீவு அம்மாச்சி என்று பிரணவ் போன தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டான், நீ பக்கத்திலிருந்து ஏதோ சாடை காட்டினாய் போலிருக்கிறது, பிள்ளை உடனே தன் நாய்க்குட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். என் ஆபரேஷன் அந்த ரெண்டு வாரத்துக்குள்தான் வருகிறது. அவனை அடிக்காதே, திட்டாதே. உனக்கு அங்கே ஆயிரம் இருக்கும், எனக்குத் தெரியும். இவ்வளவு நேரம் நையாண்டி பண்ணிக்கொண்டிருந்தேன், இனி நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. மயக்கம் கொடுத்தால் கண் திறப்பேனா என்று பயம். உன் அப்பாவிடம் சொன்னால் அவர் என்னைவிடப் பயந்துவிடுவார், அதனால் அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். கண் திறக்கும்போது நீ பக்கத்தில் இருக்கவேண்டும். வா மக்களே.

பிரணவுக்கு என் முத்தம். அங்கே நிலா தலைகீழாகத் தெரியுமாமே, உன் அப்பா சொன்னார், நீங்கள் கீழ்ப்பக்கத்தில் இருந்து பார்க்கிறீர்களாம், அவனைக் கேட்டு எழுதச் சொல். மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீ எங்கே இருந்தாலும் எந்தக் கிரகமும் உன்னை அண்டாமல் தீர்க்காயுசாக இரு.

ஒன்று மறந்துவிடாதே. நீ மூன்று இதயம் போட்ட அந்தப் போட்டோவை இன்னொரு தரம் பெரிதாக்கிப் பார். சூரியனுக்குப் பின்னால் உன் அப்பா சிரித்துக்கொண்டிருப்பார். தாம்பாளத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரியும், ஆள் தெரியாது. அந்தக் கை என்னுடையது.

உன் அம்மா,
நீலாம்பாள்