கண்ணாடி வந்துவிட்டது, இன்னும் போடவில்லை

என் உசிரான பூங்காவனம் அக்காவுக்கு,

கண்ணாடி வந்துவிட்டது. நேற்று மாமா, உன் வீட்டுக்காரர்தான், கிள்ளானுக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். தகரப் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருக்கிறேன். இன்னும் எடுத்துப் போடவில்லை. நாளைக் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது கண்ணாடியோடு நிற்க வேண்டும் என்று வேலை மேய்க்கிற மண்டோர் சொல்லியிருக்கிறார். நிற்காவிட்டால் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிறவர்களிலிருந்து என் பேரை எடுத்துவிடுவார்கள். பேர் போனால் தோட்டம் கொடுத்த இந்த லயத்து வீடும் போகும்.

மூக்கு காகிதத்தில் இடிக்க இடிக்க எழுதுகிறேன். கிட்டத்தில் பார்க்க எனக்கு என்ன குறை? ஒரு சாண் தாண்டினால்தான் உலகம் மோராகிவிடும். “ஒனக்குக் கண்ணு ஒரு சாண், வாய் ஒம்போது முழம்” என்று நீதானே சொல்வாய். வாயும் இப்போது குறைந்துவிட்டது. நீ போனதிலிருந்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. சோறு வைத்தால் தின்கிறேன், படு என்றால் படுக்கிறேன். மரத்துப் போச்சு என்று சொல்வார்களே, அது இதுதான் போலிருக்கிறது.

பழைய கண்ணாடி எப்படி உடைந்தது என்று உனக்குத் தெரியாது. காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை என்று அவசரகாலம் வந்து நம்மையெல்லாம் கம்பி வேலிக்குள் கொண்டுவந்து வைத்ததிலிருந்து தூரத்து மர நிரைகளுக்கு லோரியில்தானே போகிறோம். அந்த லோரி சேற்றில் வழுக்கி வாய்க்காலில் கவிழ்ந்தது வரைக்கும் உனக்கும் தெரியும். எனக்கு நினைவு வந்தபோது புல்லில் கிடந்தேன், முகத்தில் கண்ணாடி இல்லை. உன்னைத் தேடத்தான் அக்கா, கண்ணாடியைத் தேடினேன். புல்லைத் தடவித் தடவி ஒரு வில்லை மட்டும் கிடைத்தது, அதுவும் இரண்டு துண்டாக. நீ என் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தாய் என்று பிற்பாடு சொன்னார்கள்.

ஊரடங்குக்கு முன்னால் அடக்கம் ஆகிவிட வேண்டும், கேட்டை மூடிவிடுவார்கள். அதனால் எல்லாமே அவசரம். வாய்க்கரிசிக்கு நம் லயத்து லெட்சுமி தன் ரேஷன் அரிசியிலிருந்து ஒரு பிடி கொண்டுவந்தாள். என் முறை வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளைத் துணியும் அதன் மேல் ஒரு சிவப்பும். சிவப்பு உன் பொட்டு, பொட்டுக்குக் கீழே வாய் என்று நினைத்து அரிசியைப் போட்டேன். கண்ணில் விழுந்ததாம். “அடியே, கண்ணுல போடறியே பாவி!” என்று யாரோ கத்தினார்கள். மாமாதான் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து உன் உதட்டுக்குக் கொண்டுபோனார்.

முகத்தையாவது பார்த்துவிடலாம் என்று குனிந்தேன். ஒரு சாண் வரைக்கும் குனிந்தால்தானே எனக்குத் தெரியும்? நான் உன் மேல் விழுந்து புரளப்போகிறேன் என்று நினைத்துப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துவிட்டார்கள். “விடுங்கடி, பாக்கத்தான் குனியறேன்” என்று சொல்லிப் பார்த்தேன். தப்பு கொட்டுகிற சத்தத்தில் யார் காதில் விழும்? அதற்குள் தூக்கிவிட்டார்கள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை அக்கா. வலித்த முகமா அது, தூங்குகிற முகமா? யாரையும் கேட்கவும் பிடிக்கவில்லை.

மறுநாள் மாமா அந்த இரண்டு துண்டையும் தான் வேலை செய்கிற பால் ஸ்டோருக்கு எடுத்துப்போனார். நாள் முழுக்க ரப்பர் பாலை உறைய வைக்கிற மனுஷனுக்கு வேறு என்ன வழி தோன்றும்? ஒரு மங்குக் கிண்ணத்தில் பாலை ஊற்றி, துண்டுகளைச் சேர்த்து உள்ளே வைத்து, சீக்கிரம் உறையட்டும் என்று ஆசிட்டும் விட்டிருக்கிறார். காலையில் கொண்டுவந்து கையில் கொடுத்தார். தடவிப் பார்த்தால் ஊத்தப்பம் மாதிரி ஒரு ரப்பர் கட்டி. கண்ணாடி அதற்குள் எங்கேயோ இருக்கிறது.

“நல்லா ஒட்டிக்கிச்சி புள்ள” என்றார்.

“ஒட்டிக்கிச்சி மாமா. இனிமே ரப்பர் ஷீட்டு மாதிரி மெஷின்ல குடுத்து உருட்டி, பொகைல காய வச்சா சரியாப் போயிரும்” என்றேன்.

சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு அவர் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. கட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கண்ணாடியை வெளியே எடுத்தேன், நாலு துண்டாக வந்தது. ஊர் வாய்க்குப் பயந்து அவர் இப்போது ஒண்டிக்கட்டை ஆம்பிளைகள் லயத்தில்தான் படுக்கிறார். சாப்பிட மட்டும் இங்கே வந்து படியில் உட்காருவார்.

கண் இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே என்ற திமிரில் வெட்டுக்குப் போனேன். கன்னத்தை மரத்தில் ஒட்டிக்கொண்டு உளியை இழுத்தேன். பட்டையோடு நிற்காமல் கட்டையைப் போய்த் தொட்டது. போன மரமெல்லாம் காயம். மண்டோர் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்திருக்கிறார், எனக்கு எங்கே தெரிந்தது! நீ இருந்தால் பக்கத்து நிரையிலிருந்து இருமிச் சாடை காட்டியிருப்பாய்.

“ஏம்மா அஞ்சல, இது மரமா, இல்ல ஒன் மாமியாளா? இந்தக் கொத்து கொத்தியிருக்க?” என்றார்.

“மாமியா இருந்தா ஒழுங்கா வெட்டியிருப்பேன் மண்டோரய்யா” என்று சொன்னேன். அன்றைக்கே புல்லு வெட்டுக்கு மாற்றிவிட்டார். அங்கேயும் பச்சையாகத் தெரிந்ததையெல்லாம் வெட்டியதில் ஒரு இளங்கன்றும் போய்விட்டது. ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடி வருகிற வரைக்கும் பொறுங்கள் என்று ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் மன்றாடியது அவர்தான்.

கேட்டில் இன்னொரு கூத்து. அடையாளக் கார்டுப் படத்தில் நான் சோடாப்புட்டிக் கண்ணாடியோடு இருக்கிறேன். காவலுக்கு நிற்கிற மலாய்க்காரர் படத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். “செர்மின் மாத்தா மானா?” கண்ணாடி எங்கே என்கிறார். “பெச்சா, பெச்சா. ஒடஞ்சி போச்சி” என்றேன். நம்பவில்லை. துப்பாக்கியைக் கை மாற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. நாம் காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கடத்துகிறோமா என்று பெண்களைத் தடவிப் பார்க்கிற வேலை இப்போது லெட்சுமிக்கு. அவள்தான் ஓடிவந்து, “ஐயோ, இது நம்ம அஞ்சலதான்லா! குருட்டுக் கோழியப் போயி என்னத்த சோதிக்கிறீங்க” என்று பாதி தமிழும் பாதி மலாயுமாகச் சொல்லி என்னை உள்ளே இழுத்துவிட்டாள். முன்பென்றால் எனக்குக் குலை நடுங்கியிருக்கும். அன்றைக்குச் சும்மா நின்றேன்.

வேலிக்குள் கட்டிய புது லயம் எல்லாம் ஒரே அச்சு. ஒரு நாள் யார் வீட்டிலோ நுழைந்து, அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, “அக்கா, வரக்கோப்பி இருக்கா?” என்று கேட்டுவிட்டேன். பழக்கம். டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒருத்தி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பாதி குடித்த பிறகுதான் சீனி போட்டிருப்பது தெரிந்தது. நம் வீட்டில் ஏது சீனி? அவள் யாரென்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு மாமா என்னைக் கோலசிலாங்கூருக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து பஸ் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுபோனார். கண்ணாடிக் கடைச் சீனர் ஒரு இரும்புச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். அப்புறம் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, தூரமாகப் பார் என்று கையைக் காட்டினார்.

பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடை பிடித்து நிற்கிறவளின் மூக்குத்தி தெரிகிறது. கூடையோடு ஒருத்தி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி, ஒவ்வொரு முகமும் விளக்கி வைத்த செம்பு மாதிரி. எத்தனை பேர் அக்கா! ஒருத்தியும் நீ இல்லை. சட்டத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

“கண்ணு வலிக்குதா புள்ள?” என்றார் மாமா.

“இல்ல மாமா. நல்லாத்தான் தெரியுது.”

ஏன் இன்னும் போடவில்லை என்று நீ கேட்பாய். மாமாவிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். புல்லு வெட்டுகிறவர்களை முன்னதாகவே விட்டுவிடுகிறார்கள். நான் வந்து படியில் உட்கார்ந்துகொள்வேன். பிறகு மரம் வெட்டுகிற பெண்கள் கேட்டுக்குள் வருவார்கள், தலையில் துணி கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டையும் கைலியுமாக. தூரத்தில் வருகிற ஒவ்வொருத்தியும் நீதான். வாளியை வீசி வீசி நீதான் வருகிறாய். கிட்டே வந்து “என்ன அஞ்சல, சாப்புட்டியா?” என்று குரல் கொடுத்ததும் அவள் வேறு யாராகவோ ஆகிவிடுகிறாள். பரவாயில்லை, பின்னால் இன்னொருத்தி வருகிறாள். அவளும் நீதான். ஒரு நாளில் அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு உயிர் இருக்கிறது. கண்ணாடியைப் போட்டால் எல்லாரையும் கேட்டிலேயே அடையாளம் தெரிந்துவிடும்.

பைத்தியம் என்று திட்டுவாய். திட்டிக்கொள். வீட்டை நான் விட மாட்டேன், பயப்படாதே. விட்டால் மாமா எந்தப் படியில் போய் உட்கார்ந்து சாப்பிடுவார்? நாளைக்குப் பெரட்டில் கண்ணாடியோடு நிற்பேன். மரத்தில் ஒரு காயம் விழாமல் வெட்டுவேன். இது சத்தியம்.

இன்றைக்கு மட்டும் விட்டுவிடு. லோரிச் சத்தம் கேட்கிறது, வெட்டுக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள். நான் படிக்குப் போகிறேன். எத்தனை பேராக வர முடியுமோ அத்தனை பேராக வா அக்கா.

உன் கூடப் பிறந்தவள்,
அஞ்சலை