சிப்பு இல்லாத சாவி

என் அருமை அக்கா,

'நல்லா இருக்கியா' என்று எழுதிவிட்டு அடித்தேன். பிறகு அதையே திரும்பவும் எழுதினேன். வேறு எப்படி ஆரம்பிப்பது? நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, உன்னிடம் பேச எனக்கு இன்னும் புது வார்த்தை எதுவும் வரவில்லை.

உன் காரை விற்றுவிட்டோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று. சிரிக்காதே.

வண்டி துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது. திருக்கழுக்குன்றத்துக்குக் கடற்காற்று எங்கே வருகிறது என்று நீ கேட்பாய். வராது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கடலோரக் கல்பாக்கத்து ஆபீஸுக்கும் வீட்டுக்குமாக நீ ஓட்டிய வருஷங்களில் வண்டி தின்ற உப்பெல்லாம் நிறுத்திவைத்த பிறகு வெளியே வந்தது. கதவுக்கு அடியில் துரு. தார்ப்பாய்க்குள் எலி. மாதத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவேன். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

"அதப் பாக்க சொல்லோ வயிறு எரியுதுடா. யாருக்காவது குட்துடு" என்பாள்.

அப்பா விடவில்லை. "அது பாட்டுக்கு ஒரு ஓரமா கீது. யாரு சோத்துல மண்ணப் போட்டுது?" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மத்தளம். இரண்டு பக்கமும் இடி. நீ இருந்திருந்தால் ஒரு அதட்டலில் முடித்திருப்பாய்.

அந்தச் சாவி ஞாபகம் இருக்கிறதா? மாற்றலாகிப் போன அதிகாரியிடம் பழைய வண்டியாக வாங்கியபோதே ஒரே சாவிதான். இன்னொன்று சாமான் கட்டும்போது தொலைந்துவிட்டது என்றார். இதென்ன பெரிய விஷயம் என்று நீ, நான், அப்பா மூன்று பேரும் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டூப்ளிகேட் சாவி போட்டோம். கதவு திறந்தது. அப்பா விசில் அடித்தார். நீ சாவியைத் திருப்பினாய். வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு அணைந்துபோனது. திரும்பத் திரும்ப அதே இருமல். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது.

பழைய சாவியின் தலைக்குள்ளே அரிசி அளவுக்கு ஒரு சிப்பு இருக்கிறது, அது இல்லாத சாவியை வண்டி நம்பாது என்று விசாரித்து வந்து நீதான் விளக்கினாய். காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்த அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "டிக்கெட் இல்லாத ஏறுனா நான் விசில் குட்து நிறுத்த மாட்டனா? அந்த மாதிரிதான்" என்றார்.

அப்புறம் ஒருநாள் ஆபீஸ் படியில் விழுந்து சாவியின் தலை பிளந்தது. அந்தக் கறுப்பு மணியை உள்ளங்கையில் வைத்து அப்பாவுக்குக் காட்டினாய். "இதாம்ப்பா இதுக்கு உசுரு." திரும்ப உள்ளே வைத்துக் கறுப்பு டேப்பைச் சுற்றினாய். சிப்போடு இன்னொரு சாவி போட மெட்ராஸில் ஆள் இருக்கிறார், அடுத்த மாதம் போகலாம் என்றாய். அந்த அடுத்த மாதத்தில்தான் உனக்குக் கட்டி இருப்பது தெரிந்தது.

ஆரம்பத்தில் வைத்தியத்துக்கெல்லாம் நீயே ஓட்டிக்கொண்டு போனாய். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து "போலாம் ரைட்" சொல்லாமல் நீ கிளப்பியதில்லை. கடைசித் தடவை மட்டும் வாடகை வண்டி. ஏறுவதற்கு முன்னால் சாவியை அப்பா கையில் வைத்தாய். "ஒரே சாவிப்பா. பத்திரமா வெச்சிக்கோ."

சரி, விற்ற கதைக்கு வருகிறேன். படூரில் ஒரு கல்லூரியில் வேலை செய்கிறவர், கைக்குழந்தையோடு மனைவி. இரண்டு பேரும் நல்ல மாதிரி. மாமல்லபுரத்திலிருந்து நம் மெக்கானிக் கூட்டிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. தார்ப்பாயை எடுத்து, கழுவித் துடைத்து வைத்திருந்தேன். அப்பாதான் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார், மறுபேச்சு இல்லாமல். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சாவியைத் திருப்பினேன். ஒரு இருமல். அணைந்தது. சிவப்பு விளக்கு மின்னியது.

போன மாதம் ஓடிய வண்டி. மெக்கானிக் பேட்டரியைப் பார்த்தார், எலி கடித்த ஒயரைப் பார்த்தார். கடைசியில் சாவியை வாங்கி, டேப்பைப் பிளேடால் கீறித் தலையைப் பிரித்தார்.

"அண்ணாத்த, உள்ள காலியா கீது. சிப்பு எங்க?"

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, உனக்குத் தெரியாது. அடுப்படியிலிருந்து, "சீப்பா? இரு, எடுத்தாறேன்" என்றாள். நான் தடுப்பதற்குள் சீப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அக்கா, அது உன் பச்சைச் சீப்பு.

மெக்கானிக் சிரித்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவருக்கு என்ன தெரியும்? உனக்கு முடி கொத்துக்கொத்தாக வர ஆரம்பித்தபோது, நீ பார்த்துவிடக்கூடாது என்று அம்மா ஒளித்துவைத்த சீப்பு அது. நீ தேடிவிட்டு, "சீப்ப ஒளிச்சு வெச்சா கல்யாணம் நின்னுடுமா ம்மா?" என்று சிரித்தாய். நீ ஒருத்திதான் சிரித்தாய்.

"சீப்பு இல்லம்மா. சிப்பு. சாவிக்குள்ள இருக்குமே, அது. யாரோ எடுத்துட்டாங்க" என்றேன்.

அம்மா சீப்பைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளித்துவைத்தவளுக்கு ஒளித்துவைத்தவரைத் தெரியாதா?

"நானுந்தான் ஒளிச்சு வெச்சேன். இன்னா ஆச்சு? பூடுச்சே. குட்துடுய்யா."

எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்லமாட்டேன். வெளியாட்கள் முன்னால் இப்படியா என்று. அப்பா உள்ளே போய்த் தன் பழைய கண்டக்டர் பையோடு வந்தார். சில்லறை போடும் அறையில் பஞ்சு வைத்து, அந்தப் பஞ்சுக்குள் சிப்பு.

"எங்கிட்டதான குட்தா? பத்திரமா வெச்சிக்கோன்னா. வெச்சிக்கினு கீறேன். வித்துடுன்னு சொல்லலியே" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. யாரைக் கேட்டார் என்று உனக்கே தெரியும். நீ என்ன சொல்லியிருப்பாய் அக்கா?

மெக்கானிக் சிப்பைப் பொருத்தி டேப்பைச் சுற்றினார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. பாவி வண்டி, நீ ஓட்டும்போது எப்படிச் சத்தம் போடுமோ அப்படியே. அம்மா இந்தத் தடவை பின்கட்டுக்குப் போகவில்லை. சீப்பைக் கையில் பிடித்தபடியே நின்று கேட்டாள்.

விலை பேசி முடித்தாயிற்று. கிளம்பும்போது படூர்க்காரர் அப்பாவிடம் வந்தார். பாவம், ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்திருக்கிறார். "எங்க மாமியார் வீடு செங்கல்பட்டுதான் பெரியவரே. வரும்போதெல்லாம் வண்டிய இங்க கொண்டுவந்து காட்டிட்டுப் போறேன்" என்றார்.

அப்பா வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"இந்தத் தெரு பக்கம் மட்டும் கொண்டாராதீங்க சார். சத்தம் கேட்டுச்சின்னா, நான் கேட்டத் தொறக்க எழுந்து ஓடியாந்துடுவேன்."

அந்த அம்மாள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி மாமல்லபுரம் ரோட்டில் திரும்பும்வரை நாங்கள் மூன்று பேரும் நின்றோம். பிறகு அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டோம்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. நான் வேலை விட்டு சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வந்ததும், காலாலேயே கேட்டைத் தள்ளி ஸ்கூட்டரை உள்ளே விடுவது வழக்கம். இனிமேல் அப்படி வரமாட்டேன். வெளியே நின்று ஹாரன் அடிப்பேன். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மெதுவாக நடந்து வந்து திறக்கட்டும். மழை கொட்டினாலும் நிற்பேன். நான் நீ இல்லை என்று தெரிந்து அவர் முகம் மாறினாலும் நிற்பேன்.

வாசலில் நிற்கும் உன் தம்பி,
பாபு