தொண்ணூத்தேழாவது கொடி

ஜூன் 4

மாண்புமிகு அண்ணன் அவர்களுக்கு,

'அன்புள்ள'ன்னு எழுத கை வரல. போன்ல, எல்லா ஆப்லயும் உன்னை பிளாக் பண்ணிட்டேன். அதான் பேப்பர்.

தீவு படகு கிளப்ல நாம வாங்கிட்டு வந்த கொடியை இன்னிக்கு நம்ம கிளப் ஹால்ல மாட்டிட்டாங்க. தொண்ணூத்தேழாவது கொடி! மீதி தொண்ணூத்தாறையும் போட்டோ எடுத்து பேஜ் நடத்தறவ நான். துள்ளிக் குதிச்சு ஓடினேன். கீழ கார்டு: 'கொண்டு வந்தவர்', அப்புறம் உன் பேரு. உன் பேரு மட்டும்!

பாய்மரப் படகை ஓட்டிட்டு இன்னொரு கிளப்புக்குப் போய், நம்ம கொடியைக் குடுத்து அவங்க கொடியை வாங்கினவங்க பேருதான் கார்டுல வரணும். இந்த ரூலை உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானேடா!

செக்ரட்டரி அங்கிள் சொல்றாரு, "நீ சும்மா துணைக்குப் போனியாமே, உங்கண்ணன் சொன்னான்."

துணைக்கா?

இப்படிக்கு,
துணை

---

ஜூன் 6

வாலு,

கோவிச்சுக்காதே. யாரு ஓட்டினதுன்னு கேட்டாங்க, டக்குனு என் பேரு வந்துடுச்சு. நீ வீடியோ பாத்துக் கத்துக்கிட்டவ. உன் பேரைச் சொன்னா கொடியையே மாட்டியிருக்க மாட்டாங்க. ஒரு சின்ன கார்டு, அதுக்கா இவ்வளவு?

இன்னொண்ணு, ரேஸுக்கு கிளப் படகோட கேப்டனா என்னைப் போட்டுட்டாங்க. நீயும் வா, பாய்மரக் கயிறு பிடிக்க ஆள் வேணும். பிளாக்கை எடு.

அண்ணன்

---

ஜூன் 7

கேப்டன் சார்,

கார்டுல பேரு இருந்தாதான் கேப்டன் ஆகலாம்னு உனக்குத் தெரியும். நான் ரெண்டு வருஷமா அந்த எடத்துக்குத்தான் தவம் கெடக்கேன்னும் தெரியும். தெரிஞ்சே செஞ்சிருக்கே.

படகுத்துறையைத் தாண்டறதுக்குள்ள யாரு பக்கெட்டைக் கட்டிப்பிடிச்சுப் படுத்தது? பதினோரு மணி நேரம் சுக்கானைப் பிடிச்ச கை யாரோடது? கொப்புளம் இன்னும் ஆறல, வந்து பாரு. "இன்னும் எவ்வளவு தூரம், தெய்வமே"ன்னு நீ கேட்டுட்டே இருந்தியே, அந்த தெய்வம் இப்ப கயிறு பிடிக்கணுமா?

வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன். ஆமா! நீ கிளாஸுக்குப் போய்க் கத்துக்கிட்டது வாந்தி எடுக்கவா?

செக்ரட்டரிகிட்ட போய் உண்மையைச் சொல்லு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம்.

தங்கச்சி (இப்போதைக்கு)

---

ஜூன் 12

வாலு,

உன் ரூம் கதவு இடுக்குல இதைச் சொருகறேன். எங்க இருக்கே? அப்பா படகைக் காணோம். கிளப் சுவர்ல கொடியையும் காணோம். கிளப்பே ரெண்டுபடுது. அம்மா போனை கையை விட்டுக் கீழ வைக்கல. உண்மையைச் சொல்லலாம்னுதான் ரெண்டு தடவை செக்ரட்டரி ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். என்னால முடியல. வந்துடு.

அண்ணன்

---

ஜூன் 14

அண்ணா,

அம்மாகிட்ட பேசிட்டேன். உனக்கு மட்டும் லெட்டர்.

தனியா தீவுக்குப் போயிட்டு வந்தேன். அவங்க கொடியைக் குடுத்துட்டு நம்மளதைத் திருப்பி வாங்கி, கணக்குத் தீர்ந்துதுன்னு வரணும்னுதான் போனேன். கரையில கயிறு கட்டற அக்கா பாத்ததும் சிரிச்சாங்க. "எங்கே, பக்கெட் அண்ணன் வரலியா?"

ஹாலுக்குள்ள போனேன். நம்ம கொடியை ஜன்னல் பக்கத்துல மாட்டியிருக்காங்க. கீழ கார்டு. கொண்டு வந்தவர்: என் பேரு. அடுத்த வரியில, உடன் வந்தவர்: உன் பேரு.

ரெண்டு பேரும் இருக்கோம்டா. ஒரே ஒரு வரி கூடுதல். அவ்வளவுதான் வேலை. யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்க செஞ்சுட்டாங்க.

நம்ம கொடியைக் கழட்ட மனசு வரல. அவங்க கொடியை நீட்டினேன். அந்த அக்கா வாங்கல. "நீ கொண்டு போனதும்மா, நீயே வெச்சுக்கோ"ன்னுட்டாங்க. இப்ப என் ரூம்ல இருக்கு.

நம்ம கிளப்ல ஆணி காலி. கீழ உன் கார்டு மட்டும் தொங்குது. அதை நான் தொடல. நீ என்ன கொண்டு வந்தேன்னு யாராவது கேட்டா, பதில் நீயே சொல்லிக்கோ.

கயிறுக்கு வேற ஆளைப் பாரு.

கொண்டு வந்தவள்