புகை ஃபில்டரும் நம் ஞாயிற்றுக்கிழமைகளும்

இன்று மத்தியானம் நெடுஞ்சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது சைலன்சர் பக்கமிருந்து ஒரு வாடை வந்தது. இரும்பைச் சுட்ட மாதிரி, தொண்டை கமறுகிற சூட்டு வாடை. பயந்துபோய்ப் பின்கண்ணாடியைப் பார்த்தேன். புகை ஒன்றும் இல்லை. ஃபில்டரில் சேர்ந்த கரி எரியும்போது இப்படி வாடை வரும், பயப்படாதீர்கள் என்று மெக்கானிக் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். உங்களோடு இதே சாலையில், இதே காரியத்துக்காக எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறேன். ஒரு நாளாவது இந்த வாடை வந்ததா? வரவே இல்லையே! அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். பதில் வராது என்று தெரியும். ஆனாலும் கேட்காமல் விடமாட்டேன், என்னைத் தெரியாதா உங்களுக்கு?

பழைய பிக்கப் வண்டி இருந்தவரை நீங்கள் எந்த மெக்கானிக்கிடமும் போய் நின்றதில்லை. கல்வராயன் மலை வளைவில் அது மூச்சடைத்து நின்றுவிட்டால், பானட்டைத் தூக்கி, டீசல் பம்பைக் கையால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவீர்கள். நான் பின்னால் இருக்கும் மரவள்ளி மூட்டைகளுக்குக் காவலாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பேன். மறுபடி கிளம்பும்போது அது கக்கும் கரும்புகையில் பின்னால் வருகிறவர்கள் நம்மைத் திட்டாத நாளில்லை.

புது வண்டி வந்த அன்று பானட்டைத் திறந்ததும் உங்கள் முகம் போன போக்கு இருக்கிறதே! "இன்னாடி இது, எல்லாத்தையும் பிளாஸ்டிக் போட்டு மூடி வெச்சிருக்கான். நான் எதுல கை வெக்கிறது?" என்றீர்கள். வண்டியைக் கொடுத்த ஆள் பொறுமையாகச் சொன்னார்: புகையில் இருக்கும் கரியை ஒரு ஃபில்டர் பிடித்து வைத்துக்கொள்ளும். மலையில் மெதுவாக ஏறி இறங்கி, ஊருக்கு ஊர் நிறுத்திக்கொண்டிருந்தால் கரி சேர்ந்துவிடும், மஞ்சள் விளக்கு எரியும். அப்போது நல்ல ரோட்டில் நிறுத்தாமல் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டினால் சூட்டில் கரி தானாக எரிந்துபோகும். நீங்கள் விடவில்லை. "வண்டிய வேலைக்கு வாங்கனமா, ஊர் சுத்த வாங்கனமா?" என்று அவரிடமே கேட்டீர்கள். பாவம், அந்த ஆள் சிரித்து மழுப்பினார்.

அடுத்த ஞாயிறே வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டீர்கள். சாவியைத் திருகி, "பாரு, லைட்டு எரியுது" என்று காட்டினீர்கள். உள்ளேயிருந்து அத்தை, "எங்கடா ரெண்டு பேரும்?" என்றார்கள். "வண்டிக்கும்மா. ஹைவேல எலவனாசூர்கோட்டை வரைக்கும் ஓட்டணும். நான் ரோட்ட பாப்பனா, லைட்ட பாப்பனா? பக்கத்துல ஒரு ஆள் ஒக்காந்து பாத்துக்கினே வரணும்." அத்தை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நம் வடக்கனந்தல் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் காரணமில்லாமல் ஜோடியாகக் கிளம்பிவிட முடியுமா? கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோயில் என்று ஏதாவது ஒன்று வேண்டும். சினிமா என்றால் மொத்தப் பட்டாளமும் கூட வரும். வண்டிக்காக என்றால் மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

வண்டி கிளம்பியதும் விளக்கு அணைந்துவிட்டது. "இன்னாங்க, அணஞ்சிடிச்சே?" என்றேன். "அணஞ்சா உள்ள வேல நடக்குதுன்னு அர்த்தம். திரும்ப எரியுதான்னு பாத்துக்கினே வா" என்றீர்கள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அந்த விளக்கு எரிந்தது. நானும் ஞாயிறு தவறாமல் கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாரமில்லாத வண்டி கரும்பு வயல்களுக்கு நடுவே பறக்கும். வீட்டில் பத்து வார்த்தை பேசாத மனிதர் அங்கே ஓயாமல் பேசுவீர்கள். திரும்பும்போது ஓரங்கட்டிச் சூடாகப் போண்டா வாங்கி வருவீர்கள். மகளை நர்சிங் படிக்க வைப்பது என்று நாம் முடிவு செய்ததும் அந்த சீட்டில்தான். மாமா இறந்தபோது ஊரே அழ, பெற்ற பிள்ளை நீங்கள் மட்டும் கல்லாக நின்றீர்கள். அதற்கடுத்த ஞாயிறு அதே உளுந்தூர்பேட்டை சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதீர்கள். நான் திரும்பியதும், "என்ன பாக்காத, லைட்ட பாரு" என்றீர்கள். பார்த்தேன்.

போன தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. வண்டியை விற்க எனக்கு மனசில்லை. உங்கள் தம்பிதான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இப்போது மலைக்கு நானே போய் மரவள்ளி ஏற்றி வருகிறேன். நெடுஞ்சாலைப் பக்கம் போகவே இல்லை. எப்படிப் போவேன்?

இன்று காலை மலையிலிருந்து இறங்கும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. வண்டி இழுக்கவும் மறுத்தது. மூட்டைகளை இறக்கிவிட்டுக் கள்ளக்குறிச்சி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கூட வந்த உங்கள் தம்பி ஒரே பிடியாக நின்றார். "அந்த ஃபில்டர எடுத்துப்புடலாம் அண்ணி. அது இருக்கற வரைக்கும் தொல்லதான். பைப்ப நேரா வுட்டுட்டா பழைய வண்டி மாதிரி ஓடும், நாமே பாத்துக்கலாம்."

"நான் எடுக்க மாட்டேன், பொகை டெஸ்டுல மாட்டுவீங்க" என்ற மெக்கானிக் என் பக்கம் திரும்பினார். "இதுக்கு முன்ன எரிஞ்சிருக்குதாக்கா?"

"வாரா வாரம் எரியும். அவரு எலவனாசூர்கோட்டை வரைக்கும் ஓட்டிக்கினு போயி சரி பண்ணுவாரு."

மெக்கானிக் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "வாரம் தவறாம ரோட்டுல ஓட்டற வண்டில இது எரியவே எரியாதேக்கா. சாவி போட்டதும் எல்லா லைட்டும் ஒருக்கா எரிஞ்சி அணையும். அத பாத்திருப்பீங்க."

நான் தினமும் சாவி போடுகிறவள்தான். எல்லா விளக்கும் எரிந்து அணைவதைத் தினமும் பார்க்கிறவள்தான். அதை நம் ஞாயிற்றுக்கிழமைகளோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அடப் பாவி மனுஷா! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. உங்கள் தம்பி பதறிப்போய், "அழாதீங்க அண்ணி, எடுத்துட்டா சரியா பூடும்" என்றார். "ஃபில்டர்ல எவனாவது கை வெச்சான்னா நடக்கறதே வேற!" என்று கத்திவிட்டேன். நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள் என்று மெக்கானிக் சாவியை நீட்டினார்.

தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு போனேன். ஏதோ பொய் சொல்லி என்னை அழைத்துக்கொண்டு போய், அந்தப் பொய்யாலேயே ஃபில்டரில் கரி சேராமல் காப்பாற்றியிருக்கிறீர்கள். நீங்கள் போனபிறகுதான் அது நிஜமாகவே அடைத்துக்கொண்டது. எலவனாசூர்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு அணைந்தது. பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

கோபமாக வருகிறது உங்கள்மேல். வீட்டுக்குப் பொய் வேண்டும், சரி. எனக்கு எதற்கு? "வா, சும்மா போய்ட்டு வரலாம்" என்று என் காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தால், அந்த விளக்கைப் பார்த்த நேரமெல்லாம் நான் உங்களைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பேனே.