நூறு பேர் பட்டியல்

மார்ச் 3, செவ்வாய்

நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் முதல் பெஞ்ச். இன்சூரன்ஸ் கம்பெனியில் பத்து நாள் பயிற்சி. கடைசியில் வைக்கும் பரீட்சையில் தேறினால்தான் வேலை. பத்தொன்பது வருடம் நான் வேலை பார்த்த தட்டச்சுப் பள்ளியை இழுத்து மூடிய பிறகு என்னைக் கூப்பிட்ட ஒரே இடம் இது. அதனால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். (நான்!)

பயிற்சி கொடுப்பவருக்கு என் மகன் வயது. எதற்கெடுத்தாலும் "சூப்பர்!" பாத்ரூம் போகட்டுமா என்று கேட்டாலும் "சூப்பர், மேடம்!" பெயரே வைத்துவிட்டேன், சூப்பர் என்று.

மார்ச் 4, புதன்

எழுந்து நின்று கை தட்டி "என்னால் முடியும்" என்று மூன்று தடவை கத்தினோம். முட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 5, வியாழன்

வீட்டுப்பாடம்: தெரிந்தவர்கள் நூறு பேர். பெயர், நம்பர், உறவு, 'வீட்டில் சமீபத்திய நிகழ்வு'. மற்றவர்கள் அந்தக் கடைசிக் கட்டத்தில் கோடு போட்டுவிட்டார்கள். எனக்குக் கட்டம் போதவில்லை. மாடி வீட்டு டீச்சருக்கும் மருமகளுக்கும் பேச்சு இல்லை. கண்ணாடிக் கடைக்காரருக்கு இரண்டாவது நெஞ்சுவலி, மனைவிக்குத் தெரியாது. பதினேழாவது என் தங்கை: கணவர் போய் நாலு மாதம், இன்னும் விளக்கை அணைக்காமல்தான் தூங்குகிறாள்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பொறந்ததுலேர்ந்து இந்த வேலைக்குத்தான் நீ ட்ரெய்னிங் எடுத்திருக்கே."

மார்ச் 6, வெள்ளி

என் பட்டியலைத் தூக்கிக் காட்டி, "லிஸ்ட்னா இதான் லிஸ்ட்!" என்றார் சூப்பர். வகுப்பே கை தட்டியது. எனக்குக் கால் தரையில் இல்லை.

மார்ச் 9, திங்கள்

"சொந்தக்காரங்கன்னா கூச்சம் வரும். லிஸ்ட்டை மாத்திக்கிட்டு போன் பண்ணுங்க" என்றார் சூப்பர். என்னுடையது யார் கைக்குப் போனது என்றுகூட நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். யாரோ ஒரு பெண் பேசினாளாம். "தனியா தூங்கப் பயப்படறீங்களாமே, உங்க குழந்தைக்கும் இந்த நிலைமை வரணுமா?"

"அக்கா, நான் அதை உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

வைத்துவிட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

"தம்பி, என் லிஸ்ட்டைக் குடுங்க."

"அது இப்போ கம்பெனியோடது, மேடம். எழுதச் சொல்லி யாராவது கழுத்தைப் பிடிச்சாங்களா?"

"கட்டம் போட்டுக் குடுத்தது யாரு? செத்தவர் வீட்டுல போய் கடை விரிக்கறீங்களே, வெக்கமா இல்லை?"

"இப்படிப் பேசினா வெள்ளிக்கிழமை பரீட்சை எழுத முடியாது."

"நீங்களே எழுதிக்குங்க. சூப்பரா எழுதுவீங்க."

படி இறங்கினேன். அவன் மேல் கோபம், கம்பெனி மேல் கோபம்... கட்டம் போதாமல் பின்பக்கமும் திருப்பி எழுதினாளே ஒருத்தி, அவளை என்ன செய்வது?

மார்ச் 11, புதன்

பழைய நோட்டில் நகல் இருந்தது. முதல் ஆளிலிருந்து ஆரம்பித்தேன். "இன்சூரன்ஸ்னு யாராவது கூப்பிட்டா எடுக்காதீங்க. எடுத்தா உங்க வீட்டுக் கதையை உங்களுக்கே சொல்லுவாங்க. எழுதிக் குடுத்தது நான்தான், மன்னிச்சிடுங்க." நாற்பத்திரண்டு பேர். திங்கட்கிழமை பயிற்சியில் ஆறு பேரைக்கூட நான் தாண்டவில்லை!

கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் மனைவி எடுத்தாள். "அவரைப் பத்தி அப்படி என்ன எழுதினீங்க?" நாக்கைக் கடித்துக்கொண்டு, அவரிடமே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

டீச்சர் அரை மணி நேரம் வறுத்தெடுத்தார். மூச்சு வாங்கியதும், "அது போகட்டும், எதிர்வீட்டுல என்னமோ சத்தமாமே, என்ன விஷயம்?" என்றார்.

தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

இந்நேரம் அங்கே பரீட்சை நடந்துகொண்டிருக்கும். தொண்ணூற்றொன்பது பேரிடம் பேசி முடித்துவிட்டேன். பதினேழாவதை, தங்கையை, தள்ளித் தள்ளி வைத்திருந்தேன்.

எடுத்தாள்.

"நான்தான்."

"தெரியுது."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அப்புறம் இரண்டு பேருமே பேசவில்லை. காது சூடேறியது, போனைக் கை மாற்றிக்கொண்டேன். அவளும் வைக்கவில்லை.