அவர் மறக்காத கடல்

செவ்வாய், இரவு. மதுரை ஆஸ்பத்திரி.

ஞாயிற்றுக்கிழமையே டாக்டர் போனில் கேட்டார், "ஞாபகத்துல ஏதாவது தடுமாற்றம் இருக்காம்மா?" என் வீட்டுக்காரருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றி அது ஐந்தாவது வாரம். மாத்திரை போட்டாச்சா என்று இவர் அன்று காலையில் என்னிடம் மூன்று தரம் கேட்டிருந்தார். எனக்குச் சந்தேகம். அதனால் இவர் மீன்பிடிக்கப் போன கடலில் எந்தப் பார், மீன் அடையும் பாறைத்திட்டு, எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"ஏளா, அதுகூடயா மறக்கும்? கரையப் பாத்தா கோயில் கோபுரமும் உப்பளத்துப் பனையும் ஒண்ணா சேருத இடத்துல நங்கூரத்தப் போடணும்." அப்படியே ஒவ்வொரு பாராகச் சொல்லிக்கொண்டு போனார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"நல்லா இருக்காரு சார்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று வலிப்பு வந்தது. இன்று முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் மூளைக்குப் போய்விட்டதாம். "பழைய ஞாபகம் அப்படியே இருக்கும்மா. புதுசா நடக்கிறதுதான் தங்காது" என்றார் டாக்டர்.

நான் பழசைத்தானே கேட்டேன்.

மஜ்ஜை கொடுத்த அவர் தம்பி மத்தியானத்திலிருந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். "எப்பலே வந்த?" என்று இவர் கேட்டார். "இப்பதாண்ணே" என்றான். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் "எப்பலே வந்த?" சாயங்காலம் வரை இதேதான். கேட்கும்போதெல்லாம் இவர் முகம் மலர்ந்தது. அவனும் சலிக்காமல் "இப்பதாண்ணே" என்றான்.

பிறகு வராந்தாவுக்கு வந்து என்னிடம் கேட்டான், "ஞாயித்துக்கிழம அண்ணன் நல்லாத்தான இருந்தாரு, மைனி?"

"நல்லாத்தான் இருந்தாரு" என்றேன்.