ஒன்பது பூச்சுச் சுண்ணாம்பு

ஜனவரி 9, 2024, செவ்வாய்

சங்குமுனைத் தீவிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை குளியல். காதுக்குள்கூடச் சுண்ணாம்புத் தூள். ஆனால் தீவுக் கோயிலின் வயது பிடிபட்டுவிட்டது. 1985இல் பெயின்ட் வரும்வரை வருடா வருடம் திருநாளுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். சுரண்டி எண்ணினேன்: மண்டபத்தில் நூற்றிருபத்தொரு பூச்சு, பீடத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன அறையில் ஒன்பதே ஒன்பது. ஆக மண்டபம் 1864, அறை 1976. பழங்கட்டட ஆய்வில் இருபது வருட அனுபவம் சும்மாவா?

ஜனவரி 12, வெள்ளி

கொட்டாஞ்சேனையில், கோயிலுக்குப் பொறுப்பான பாதரிடம் அறிக்கையைக் கொடுத்தேன். திருநாளுக்கு வரும் சனத்துக்கு இடம் போதாது, பின் அறையை இடிக்கலாமா என்பதுதான் அவர் கேள்வி. "அது பிந்திக் கட்டினது பாதர், தாராளமா இடிக்கலாம்."

"றஷ்மி சொன்னாச் சரி" என்றார். திரும்பும்போது வீதி நெரிசல்கூடத் தொந்தரவாக இல்லை.

ஜனவரி 22, திங்கள்

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சிறில் போன் எடுத்தார். "சந்நியாசியார்மார் இருந்த அறையை ஏன் மிஸ் உடைக்கச் சொன்னீங்க?" பூச்சுக் கணக்கைச் சொன்னேன்.

"அந்த அறைக்கு வருசா வருசம் அடிக்கிறேல்ல மிஸ். ஒரு சந்நியாசியார் கண்ணை மூடினாத்தான், அடுத்தவருக்கு எண்டு ஒருக்கா அடிக்கிறது."

ஐயோ. ஒன்பது வருசமில்லை, ஒன்பது பேர். இரண்டு நாளும் எனக்கு ஏணி பிடித்த மனுசன் - அவரிட்ட ஒரு வார்த்தை கேட்டனா? இல்லை. காலையிலேயே இடிக்கத் தொடங்கிவிட்டார்களாம். உடனே பாதருக்கு எடுத்தேன். "நிப்பாட்டச் சொல்லுங்கோ. நான் பிழை விட்டுட்டன்."

ஜனவரி 23

மறுபடி தீவில். அறைச் சுவரில் மூன்றடி போய்விட்டது. மீதி நிற்கிறது.

உடைந்த இடத்தில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். அறையின் வெளிச்சுவர்ச் சுண்ணாம்பு மண்டபச் சுவருக்குப் பின்னாலும் போகிறது. மூன்று பூச்சு. மூன்று பேர் அங்கே வாழ்ந்து முடிந்த பிறகுதான் மண்டபமே வந்திருக்கிறது! உடைக்காமல் இதைக் கண்டிருக்க முடியாது. சந்தோஷப்பட வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம்தான்.

பெப்ரவரி 8, வியாழன்

அறை நிற்கும்; திருநாள் சனத்துக்கு வெளியே பந்தல். கோயில் குழு ஒத்துக்கொண்டது. பாதர் மெல்லச் சொன்னார்: "உடைஞ்சதைப் பற்றி ஒண்டும் எழுதாதீங்க. பழஞ்சுவர், தானா விழுந்தது எண்டு விடுவம்."

நல்ல மனுசன். எனக்காகத்தான் சொன்னார்.

புதிய வரைபடத்தில் அந்த மூன்றடியைப் புள்ளிக்கோட்டால் வரைந்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'இடித்தது 22.01.2024, என் தவறான கணிப்பின் பேரில்.' கீழே முழுப்பெயரில் கையெழுத்து வைத்தேன்.